போர்க்காலத் தையல் இயந்திரம்: வாங்குவதிலிருந்து முதல் தையல் வரை

கிளாஸ்கோ நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் ‘சிங்கர்’ என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமான, சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. 1880களில் கிளைட்பேங்கின் கில்போவி என்னும் பகுதியில் எழுந்த அத்தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி வந்த இயந்திரங்களில் பல, நம் ஊர்த் திண்ணைகளிலும் தையல் கடைகளிலும் மூன்று தலைமுறைகளாக ஓடியவை. இலங்கையில் அந்நிறுவனம் 1877இலிருந்தே வணிகம் செய்துவருகிறது. ஆகவே ஸ்காட்லாந்தில் இருக்கும் நானும், தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ பாட்டியின் இயந்திரத்தை வைத்திருக்கும் நீங்களும் துடைக்கப்போவது பெரும்பாலும் ஒரே ஊரின் இரும்பைத்தான்.

இக்கட்டுரை 1939 முதல் 1945 வரையிலான காலத்தைச் சேர்ந்த கிளைட்பேங்க் இயந்திரங்களைப் பற்றியது. போர் தொடங்கியதும் அத்தொழிற்சாலையின் பெரும்பகுதி ஆயுத உற்பத்திக்குத் திரும்பியது; ஸ்டென் துப்பாக்கியின் முதல் வகை அங்கே செய்யப்பட்டது. 1941 மார்ச் 13, 14 ஆகிய இரு இரவுகளில் கிளைட்பேங்க் நகரின்மீது குண்டு பொழியப்பட்டபோது தொழிற்சாலையின் மரக்கிடங்கு எரிந்தது. நகரில் 500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அமெரிக்காவிலோ 1942இல் வீட்டுத் தையல் இயந்திர உற்பத்தியே அரசாணையால் நிறுத்தப்பட்டது. அதனால் இக்காலத்து இயந்திரங்கள் முன்னும் பின்னும் வந்தவற்றைவிடக் குறைவு. கிடைப்பவற்றிலும் அக்காலத்தின் தட்டுப்பாடு கண்ணுக்குத் தெரியும். முலாம் பூச வேண்டிய பாகங்கள் கருப்பாக விடப்பட்டிருக்கும். சிலவற்றில் பளபளப்பான கருப்புப் பூச்சுக்குப் பதிலாகச் சுருக்கம் விழுந்த மங்கல் பூச்சு இருக்கும்.

புதிதாகச் சேகரிக்க வருவோர் இதைக் குறை என்று எண்ணி, முதல் வேலையாக அப்பாகங்களுக்கு முலாம் பூசக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன். போர்க்கால இயந்திரத்தைப் புதியதுபோல் ஆக்குவது ஒரு வேலை. அது தைக்கும்படி பழுது பார்ப்பது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்தால், 1940ஆம் ஆண்டின் சுவடு அதன் உடலிலிருந்து போய்விடும். இரண்டாவதைச் செய்தால் சுவடும் இருக்கும், தையலும் வரும்.

முதல் இயந்திரமாக எதை வாங்குவது?

தொடக்கநிலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை, கையால் சுழற்றும் 99கே அல்லது 66கே ஆகும். மாதிரி எண்ணின் பின்னால் வரும் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து கில்போவியைக் குறிக்கும். 66 முழு அளவு இயந்திரம். அதையே முக்கால் அளவுக்குச் சுருக்கியது 99. இரண்டிலும் அடிநூல் சுற்றிய பாபின் ஊசிக்கு அருகே மேலிருந்து படுக்கையாக உட்காரும். ஒரு தகட்டை இழுத்தால் உள்ளே நடப்பது முழுதும் தெரியும் என்பதால் கற்றுக்கொள்வதற்கு ஏற்றவை. 15கே வகையில் பாபினைத் தாங்கும் கூடான பாபின் கேஸ் இடப்பக்கம் நின்றவாறு செருகப்படும். இந்தியாவில் பின்னாளில் செய்யப்பட்ட கருப்புத் தையல் இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த 15இன் வடிவத்தைப் பின்பற்றியவை என்பதால், நம் ஊரில் அதற்கு உதிரிபாகம் கிடைப்பது மிக எளிது. 201கே நான் அறிந்தவற்றுள் மிக அமைதியாக ஓடும் இயந்திரம். ஆனால் அது பற்சக்கரங்களால் இயங்குவது. முதல் அனுபவத்துக்குப் பிறகு அதை வாங்குங்கள். அடிநூலைத் தாங்கி ஓடும் தோட்டா வடிவக் கூடான ஷட்டில் கொண்ட 127, 128 ஆகியவை அழகானவை. ஷட்டிலும் அதற்குரிய நீண்ட பாபின்களும் தொலைந்திருந்தால் தேடி அலைய வேண்டிவரும்.

பழமை என்றாலே கருப்பு நிறமும் தங்க எழுத்தும் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. லூதியானாவிலும் ஜப்பானிலும் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகள் அதே தோற்றத்தில் இயந்திரங்கள் செய்யப்பட்டன. அவற்றில் நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன. ஆனால் அவை போர்க்காலத்தவை அல்ல. இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய சிங்கர் இயந்திரத்துக்குள், பெருவிலை போகும் என்று சொல்லப்படும் கற்பனைப் பொருளான ‘சிவப்புப் பாதரசம்’ இருக்கிறது என்ற வதந்தி 2009இல் சவூதி அரேபியாவில் பரவி, அவற்றின் விலை தாறுமாறாக ஏறியது. நம் ஊரில் இரிடியம் கலசம் விற்பவர்கள் சொல்லும் கதைக்கும் அதற்கும் வேறுபாடில்லை. இயந்திரத்துக்குள் இருப்பது இரும்பு, எஃகு, பஞ்சு, உலர்ந்த எண்ணெய் ஆகியவை மட்டுமே.

வாங்கப் போகும்போது

ஒரு புதிய ஊசி, ஒரு நூல் உருண்டை, இரண்டு துண்டு பருத்தித் துணி, ஒரு சிறிய டார்ச் விளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் கைச்சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். அது சுழன்று, ஊசி ஏறி இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. சுழலாவிட்டாலும் விட்டுவிட வேண்டியதில்லை, ஏனென்றால் எண்ணெய் உறைந்து இறுகிப்போன இயந்திரத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்க முடியாதவை வேறு: வார்ப்பிரும்பு உடலில் விரிசல், உள்ளே வரை பரவி உலோகத்தைத் தின்றுவிட்ட துரு, முறிந்த பாகங்கள். வெள்ளம் புகுந்த வீட்டிலோ ஈரமான கொட்டகையிலோ கிடந்த இயந்திரத்தை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதல் இயந்திரமாக எடுக்காதீர்கள்.

அடுத்து, தொலைந்த பாகங்களைப் பாருங்கள். பாபின் கேஸ் இருக்கிறதா, பாபின்மேல் மூடும் தகடு இருக்கிறதா, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். மரப்பெட்டியின் அடியில் பொடிப்பொடியாகத் துளைகளும், துளையருகே மாவுபோன்ற புதிய மரத்தூளும் இருந்தால் மரத்தை அரிக்கும் வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து மற்ற மரச்சாமான்களின் அருகே வைக்கக் கூடாது.

தூக்குவதிலும் கவனம் தேவை. இவை வார்ப்பிரும்பு இயந்திரங்கள். கைச்சக்கரத்தையோ கைப்பிடியையோ பற்றித் தூக்கினால் வளையும். இயந்திரத்தின் தலைப்பகுதி இரண்டு கீல் முளைகளில்தான் பெட்டியோடு பொருந்தியிருக்கும். அவற்றை இறுக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால், பின்னுக்குச் சாய்க்கும் கணத்தில் தலைப்பகுதி கழன்று விழும். வாங்கிய இடத்திலேயே அத்திருகுகளை இறுக்கிவிடுங்கள்.

எண்ணைப் படித்தல்

தலைப்பகுதியின் வலப்புறத்தில், தூணின் அடியில், எழுத்துகளோடு கூடிய வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். 1930களின் நடுவிலிருந்து கிளைட்பேங்கில் ஆங்கில எழுத்து ‘இ’யில் (E) தொடங்கும் ஈரெழுத்து வரிசை வந்தது, அவற்றுள் ‘இசி’ (EC), ‘இடி’ (ED) என்று தொடங்கும் எண்களில் போர்க்கால இயந்திரங்களைத் தேடலாம். எழுத்துக்குப் பின்வரும் ஆறு இலக்கங்களையும் முழுதாகக் குறித்துக்கொண்டு சிங்கர் வரிசை எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டால் ஆண்டு இன்னும் நெருங்கி வரும். இங்கே புதியவர்களுக்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. பட்டியலில் காணும் தேதி, ஒரு தொகுதி எண்கள் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்ட நாள். உங்கள் இயந்திரம் முடிந்து வெளிவந்த நாள் அதற்குச் சில மாதங்களோ அதற்கும் மேலோ பிந்தியதாக இருக்கலாம். ‘இது 1941இல் ஒதுக்கப்பட்ட எண்’ என்று எழுதுவதே சரியான பழக்கம். கிளைட்பேங்க் நகர அருங்காட்சியகத்தில் தையல் இயந்திரங்களின் பெரும் சேகரிப்பு இருக்கிறது. இந்தப் பக்கம் வர வாய்த்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாங்கத் தொடங்கினால் கண் பழகிவிடும்.

எதையும் தொடுமுன் எல்லாப் பக்கமும் நிழற்படம் எடுங்கள். குறிப்பாக, திறக்கப்போகும் ஒவ்வொரு மூடியையும் திறக்குமுன் ஒன்று, திறந்த பின் ஒன்று என்று எடுத்து வையுங்கள்.

இறுகியதைத் தளர்த்துதல்

நான் முதலில் வாங்கிய 66கே, நன்கொடையாக வந்த பழைய பொருள்களை அறப்பணிக்காக விற்கும் ஒரு சாரிட்டி கடையின் தரையில் கிடந்தது. கைச்சக்கரம் கால் அங்குலம்கூட அசையவில்லை. கடைக்காரர் அதை அலங்காரப் பொருள் என்றே எழுதி வைத்திருந்தார். அதை அசைக்க எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளில் நான் செய்ததையே இங்கு முறையாகச் சொல்கிறேன்.

தையல் இயந்திர எண்ணெய் என்று விற்கப்படும் தெளிந்த, நிறமற்ற எண்ணெயை வாங்குங்கள். இயந்திரத்தின் மேலே உள்ள எண்ணெய்த் துளைகளிலும், ஊசிக்கு மேலே இடக் கோடியில் உள்ள முகத் தகட்டைக் கழற்றினால் தெரியும் ஊசித் தண்டின் மூட்டுகளிலும், பின்புறத்து வட்ட மூடிக்குள் தெரியும் இணைப்புகளிலும், தலைப்பகுதியைச் சாய்த்தால் அடியில் காணும் எல்லா அசையும் மூட்டுகளிலும் துளித் துளியாக விடுங்கள். காலையும் மாலையும் விட்டு, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் விரல்களின் பலத்தால் மட்டும் அசைத்துப் பாருங்கள். முழுக்கையின் பலத்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டு நாளில் அசைவு வராவிட்டால், இறுகிய மூட்டுகளில் ஒரு துளி மண்ணெண்ணெய் விடலாம். இயந்திரத்தோடு வந்த பழைய கையேடுகளிலேயே இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது. சன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்போ விளக்கோ வேண்டாம். தலைமுடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டை மூட்டின்மேல் காட்டினால் உறைந்த எண்ணெய் இளகும். தங்க எழுத்துகள் உள்ள பரப்பின் பக்கம் அந்தச் சூட்டைக் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தடுக்காது. ஆகவே இயந்திரம் அசைந்ததும் கரைந்து வழியும் பழுப்பு நீரைத் துடைத்துவிட்டு, மீண்டும் எல்லா இடத்திலும் நல்ல எண்ணெய் விட வேண்டும்.

நம் வீடுகளில் ஓடிய இயந்திரங்களுக்கு இந்த இடத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கைக்கெட்டிய தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் காற்றுபட்டுப் பிசினாகி, மூட்டுகளை ஒட்டவைத்துவிடும். ஓடும்போது கனமாக இருக்கிறது என்று மறுபடியும் அதே எண்ணெயை விட்டிருப்பார்கள். பிசின் மேலும் தடித்திருக்கும். அத்தகைய இயந்திரத்துக்கு ஒரு சுற்றுச் சுத்தம் போதாது. மண்ணெண்ணெய், துடைப்பு, எண்ணெய் என்ற வரிசையை மூன்று நான்கு முறை செய்தால்தான் துணி நிறம் மாறாமல் வெளிவரும்.

திருகுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிங்கர் திருகுகளின் மரைகள் தனியான அளவு கொண்டவை. கடையில் வாங்கும் திருகு பொருந்தாது. திருகின் பிளவை முழுதும் நிரப்பும் அகலத்தில் திருப்புளி இருக்க வேண்டும். சிறிய திருப்புளியால் திருகினால் தலை சிதைந்துவிடும், சிதைந்த தலை என்றைக்கும் அப்படியே நிற்கும். வராத திருகை வற்புறுத்தாமல், ஒரு துளி எண்ணெய் விட்டு மறுநாள் வாருங்கள்.

பாபின் இருக்கும் அறை

66கே, 99கே ஆகியவற்றில் ஊசித் தட்டை இரண்டு திருகுகள் தாங்கியிருக்கும். அவற்றைக் கழற்றினால் துணியை நகர்த்தும் பற்களும், அதன் அருகே, மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி முன்னும் பின்னும் ஆடும் வளையமும் தெரியும். என் 66கேயில் அந்தப் பற்களின் இடுக்கு முழுதும் பஞ்சு அழுந்தி, நமத்துப்போன அட்டைபோல் ஆகியிருந்தது. குச்சியால் கிளறியபோது அது ஒரே பாளமாக எழும்பி வந்தது; பற்களின் அச்சு அதன்மேல் பதிந்திருந்தது. அதற்குக் கீழே, கொக்கியின் வளையத்தில் மூன்று சுற்றுகள் சுற்றியவாறு, காக்கி நிற நூல் ஒன்று இருந்தது. யார், எப்போது, எதைத் தைத்தபோது அது சிக்கியது என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அதை ஊசி முனையால் சுற்றுச் சுற்றாக எடுத்த அந்தக் கால் மணி நேரம் என் நினைவில் இருக்கிறது. அந்த மூன்று சுற்று நூல்தான் கொக்கியைப் பூட்டி வைத்திருந்தது. எண்ணெயால் மட்டும் அது என்றைக்கும் திறந்திருக்காது.

கொக்கி வளையத்தை ஒட்டி, எண்ணெயைத் தாங்கி வைக்கும் சிறு ஃபெல்ட் துண்டு ஒன்று இருக்கும். பெரும்பாலும் கல்லாகியிருக்கும் அல்லது அழுக்கென்று நினைத்து யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள். கையிலுள்ள கம்பளி ஃபெல்ட்டில் அதே அளவில் நறுக்கி வைத்து, இரண்டு துளி எண்ணெயில் ஊறவிடுங்கள். அத்துண்டு இல்லாமல் ஓடினால் கொக்கி கடகடவென்று சத்தம் போடும், தேய்மானமும் கூடும். பாபின் கேஸைத் தூக்குமுன் அது எந்த நிலையில் உட்கார்ந்திருந்தது என்பதை நிழற்படத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். திரும்ப வைக்கும்போது தவறாக அமர்ந்தால் ஊசி அதன்மேல் இடித்து முறியும்.

பூச்சும் எழுத்தும்

இங்கேதான் புதியவர்கள் ஈடுசெய்ய முடியாத தவற்றைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். என் இரண்டாவது இயந்திரம் ஒரு 99கே. அதன் மேல் படிந்திருந்த பழுப்பு மங்கலைப் போக்க, காயம் துடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். முதல் இழுப்பில் பஞ்சு தேன் நிறமாயிற்று. அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்தேன். மூன்றாவது இழுப்பில் பஞ்சில் தங்கத் துகள் மின்னியது. நிமிர்ந்து பார்த்தபோது நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து பாதி போயிருந்தது. அது இன்றும் அப்படியே இருக்கிறது.

காரணம் இதுதான்: இயந்திரத்தின் உடலில் நிலக்கீல் கலந்த கருப்புப் பூச்சு பூசி, சூளையில் சுட்டு இறுக்கியிருப்பார்கள். அதன்மேல் தங்க நிற ஒட்டுச் சித்திரங்களை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே அரக்கு போன்ற தெளிந்த பூச்சைப் பூசிக் காப்பார்கள். கருப்புப் பூச்சு வலிமையானது. மேலே உள்ள அரக்குப் பூச்சோ ஆல்கஹாலில் கரைந்துவிடும். அது கரைந்தால் அதன் கீழ் இருக்கும் தங்க எழுத்துக்குக் காப்பு இல்லை. அந்தத் தேன் நிறம் அழுக்கல்ல, காப்புப் பூச்சேதான். ஆகவே ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் அமோனியாக் கலவை, தின்னர், சோப்புத்தூள் போட்டு ஊறவைத்த நீர் ஆகிய எதுவும் இந்தப் பரப்பில் படக் கூடாது.

தையல் இயந்திர எண்ணெயையே மெல்லிய பருத்தித் துணியில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் எடுங்கள். பெட்டிக்குள் மறைந்திருக்கும் பின்புற விளிம்பில் முதலில் சோதித்துப் பார்த்த பிறகே முன்பக்கம் வாருங்கள். ஒரு நாளில் முடிக்க எண்ணாதீர்கள். மங்கல் முழுதும் போகாது. போக வேண்டிய தேவையும் இல்லை. துணி நகரும் பாதையில், இடது விளிம்பருகே, தங்கக் கோடுகள் தேய்ந்து கருப்பு மட்டும் தெரியும் இடம் எல்லா உழைத்த இயந்திரங்களிலும் உண்டு. பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று துணிக்குப் பங்கீடு வந்தது. முதலாண்டில் ஒரு பெரியவருக்கு 66 கூப்பன்கள். ஆண்களின் முழு சூட் ஒன்றுக்கே 26 கூப்பன்கள் போய்விடும், கம்பளி கவுனுக்கு 11. இந்தப் பங்கீடு 1949 வரை நீடித்தது. பழைய திரையைப் பாவாடையாக்கியும், போர்வையைக் கோட்டாக்கியும், கணவரின் கால்சட்டையைப் பிள்ளைக்கு வெட்டியும் தைத்த கைகள் உரசிய இடம்தான் அந்தக் கருப்பு. அதன்மேல் புதிய ஒட்டுச் சித்திரம் ஒட்டி விற்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

கருப்பாக்கப்பட்ட பாகங்களுக்கு வருவோம். போர்க்கால இயந்திரத்தில் கைச்சக்கரத்தின் விளிம்பு, முகத் தகடு, பாபின்மேல் மூடும் தகடு போன்றவை வெள்ளி நிறத்துக்குப் பதில் கருப்பாக இருந்தால் அவற்றை எஃகுப் பஞ்சால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் அந்த மெல்லிய கருப்பு போய், உள்ளிருக்கும் இரும்பு துருவுக்குத் திறந்துவிடும். எண்ணெய் துடைப்பு மட்டும் போதும். உண்மையிலேயே முலாம் பூசிய பளபளப்பான பாகங்களுக்கு உலோக மெருகுப் பசை போடலாம், ஆனால் அந்தப் பாகத்தைக் கழற்றி எடுத்துத் தனியே வைத்துப் போடுங்கள், கருப்பு உடலில் படக் கூடாது. சுருக்கப் பூச்சு கொண்ட இயந்திரத்தில் மடிப்புகளுக்குள் அழுக்கு அடைந்திருக்கும். எண்ணெய் தொட்ட மென்மையான பல்துலக்கி அதற்கு ஏற்றது.

கைச்சக்கரம், ஊசி, நூல் இழுவிசை

பாபின் சுற்றும்போது ஊசி நிற்க வேண்டும். அதற்காகக் கைச்சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பழைய எண்ணெய் இறுகி இந்தக் குமிழ் வேலை செய்யாமல் போவது வழக்கம். குமிழில் உள்ள சிறு திருகை எடுத்துவிட்டு, குமிழைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே வெளிப்புறம் மூன்று காதுகளும் உட்புறம் இரண்டு வளைந்த நாக்குகளும் கொண்ட ஒரு வளையம் இருக்கும். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்று குறித்துக்கொண்டு எடுங்கள். சக்கரத்தை இழுத்தெடுத்து, தண்டைத் துடைத்து, எண்ணெய் விட்டுப் பழையபடி மாட்டுங்கள். மாட்டிய பின் குமிழை இறுக்கியும் ஊசி அசையாவிட்டால், அல்லது தளர்த்தியும் ஊசி நிற்காவிட்டால், அந்த வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். இதை அறியாமல் இயந்திரம் கெட்டுவிட்டது என்று கைவிட்டவர்கள் பலர்.

15, 66, 99, 201 ஆகிய அனைத்துக்கும் இன்றும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஊசிதான் பொருந்தும். 15×1, 130/705, எச்ஏ×1 என்று மூன்று பெயர்களில் விற்பது ஒரே ஊசியே. பருத்திக்கு 14ஆம் எண் போதும், கனத்த துணிக்கு 16. ஊசியின் தட்டையான பக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் இடறுவார்கள். 66, 99 ஆகியவற்றில் தட்டைப் பக்கம் வலப்புறம் பார்க்க வேண்டும், நூல் இடமிருந்து வலமாகக் கோக்கப்படும். 15, 201 ஆகியவற்றில் தட்டைப் பக்கம் இடப்புறம், நூல் வலமிருந்து இடமாக. ஊசியின் நீண்ட பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்தே நூல் நுழைய வேண்டும் என்று மனத்தில் வைத்தால் குழப்பம் வராது. பாபினையும் பார்த்து வாங்குங்கள்: 15 வகைப் பாபினின் பக்கங்கள் தட்டையானவை, 66 வகையின் பக்கங்கள் சற்றே குவிந்தவை. ஒன்றை மற்றொன்றில் திணித்தால் தையல் விட்டு விட்டு விழும்.

மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகளின் இடையே பல ஆண்டுப் பஞ்சு சிக்கியிருக்கும். பிரஷர் ஃபுட்டை உயர்த்தினால் வட்டுகள் திறக்கும். அப்போது ஒரு துணி நாடாவை இடையே விட்டு இழுத்து எடுங்கள். நூல் கோப்பதும் எப்போதும் ஃபுட் உயர்ந்த நிலையில்தான். பிறகு மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரு நிற நூல்களைப் போட்டு இரட்டைத் துணியில் ஒரு சாண் நீளம் தைத்துப் பாருங்கள். துணியின் அடிப்பக்கத்தில் வெள்ளை நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், புதியவர்கள் பாபினைக் குறை சொல்வார்கள். தவறு பெரும்பாலும் மேல் நூலில்தான்: வட்டுகளுக்கு இடையே நூல் சரியாக அமரவில்லை, அல்லது இழுவிசை போதவில்லை. மேல் பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள் எழும்பினால் மேல் இழுவிசையைச் சற்றுத் தளர்த்துங்கள். பாபின் கேஸின் சிறு திருகைக் கடைசி வழியாக மட்டும் தொடுங்கள். தொட்டால் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

மின்சாரம் உள்ள இயந்திரம் என்றால்

அதைச் செருகிப் பார்க்காதீர்கள். அக்காலத்துக் கம்பிகளின் மேலிருந்த ரப்பர் உறை இன்று கையில் எடுத்தால் உதிரும் நிலையில் இருக்கும். உலோக உடலில் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. மோட்டார், விளக்கு, கால் மிதி ஆகிய மூன்றின் கம்பிகளையும் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு முழுதும் மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரம் 110 வோல்ட்டுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், மோட்டாரைக் கழற்றிப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அதே திருகிடத்தில் கைப்பிடியைப் பொருத்திவிடுங்கள் என்பேன். கைச்சக்கரம் ஆரக்கால்கள் கொண்டதாக இருந்தால் 66, 99, 15 ஆகியவற்றில் இது அரை மணி நேர வேலை. கைப்பிடியின் பற்சக்கரங்களுக்குக் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சத்தம் அடங்கும்.

கால்மிதி ஸ்டாண்டில் பொருத்துவோர் புதிய தோல் பெல்ட்டை முதலில் சற்று இறுக்கமாகவே அளந்து வெட்டுங்கள். சில நாள் ஓடியதும் தோல் நீண்டு தளரும். அப்போது அரை அங்குலம் வெட்டி மறுபடி கொக்கி போடலாம்.

பழுது பார்த்து முடிந்ததும் ஒரு தாளில் வரிசை எண், வாங்கிய இடம், வாங்கிய நாள், மாற்றிய பாகங்கள், மாற்றாமல் விட்ட குறைகள் ஆகியவற்றை எழுதி, இரு நிற நூலில் தைத்துப் பார்த்த துணித் துண்டோடு சேர்த்துப் பெட்டிக்குள் வையுங்கள். கழற்றிய பழைய ஃபெல்ட்டையும் தூக்கிப் போட வேண்டாம், சிறு உறையில் போட்டு அதோடு வைக்கலாம். என் 66கேயின் பெட்டியில், இடது மூலையில் உள்ள சின்ன அறைக்குள், அப்படியொரு காகித உறை இருக்கிறது. அந்தக் காக்கி நூல் அதில்தான் சுருண்டு கிடக்கிறது.